புனே மண்டயியும் புதுவகைச் சேவையும்

புனே நகரத்துக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர் முதலிற் கற்றுக்கொள்ளும் மராத்திச் சொற்கள் மூன்று. 'கிதி' என்பது ஒன்று. விலை என்ன என்பது அதன் பொருள். 'பாவ் கிலோ' என்பது மற்றொன்று. அது கால் கிலோ. மூன்றாவது 'மண்டயி'. தமிழ்க் காதுக்கு அது 'மண்டை' என்றே விழும். அண்டை வீட்டு மராத்திய அம்மையார் பையும் கையுமாகப் புறப்பட்டு மண்டயிக்குப் போவதாகச் சொல்ல, அன்றுதான் ரயிலிலிருந்து இறங்கிய தமிழ்ப் பெண்மணி தம் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வதுண்டு. நம் ஊர்களில் மொத்தக் கடையை மண்டி என்கிறோமன்றோ? அச்சொல்லுக்கு உடன்பிறந்ததே இது. காய்கறிச் சந்தை என்று கொள்க.

இத்திங்கள் நாம் எழுதப் புகுந்தது அச்சந்தையைப் பற்றி மட்டுமன்று. அங்கிருந்து நம்மவர் அடுக்களைக்குள் ஓசையின்றி வந்து புகுந்திருக்கும் ஒரு பண்டத்தைப் பற்றியுமாம். பாஸ்தா என்று அதற்குப் பெயர். இத்தாலி நாட்டார் உணவு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்பெயரைக் கேளாத வாரம் இல்லை. பிள்ளைகளுக்கு அது வேண்டும். பெரியவர்களுக்கு அது வேண்டா. இடையில் நிற்பவள் வீட்டுத் தலைவி. ஹிஞ்சவடியிலோ பிம்ப்ரியிலோ பகல் முழுதும் உழைத்து, இரவு ஏழரை மணிக்குப் படியேறி வரும் அவள், ஓர் அடுப்பிற் பிள்ளைகளுக்குப் பாஸ்தாவும், மற்றோர் அடுப்பில் மாமியாருக்கு உப்புமாவும் கிண்டுகிறாள். பிள்ளைகள் முற்றத்துப் பக்கம் தட்டை எடுத்துச் செல்கின்றனர். பெரியவர் அடுக்களையோரம் தனியே அமர்ந்து உண்கின்றார். அயலூரில் வாழும் குடும்பத்தில் மொழி கைவிட்டுப் போவதைப் பற்றி நம் கூட்டங்களில் மிகுதியும் பேசுகிறோம். ஒரே வீட்டில் இரண்டு பந்தி நடப்பதைப் பற்றிப் பேசுவார் இல்லை. ஆனால் பேச்சு நடப்பதே பந்தியில்தானே? பாட்டியுடன் உண்ணாத பேரப்பிள்ளைக்குத் தமிழ் எங்கிருந்து வரும்?

இந்த இரட்டைச் சமையலுக்கு ஒரு வழி காண முடியுமா என்ற எண்ணத்துடனேயே, தை மாதத்து மாலை ஒன்றில் நாம் மண்டயிக்குப் புறப்பட்டோம்.

இப்போது அங்குச் செல்வது எளிது. 2024 செப்டம்பர் 29 அன்று திறக்கப்பெற்ற சுரங்க மெட்ரோப் பாதையில் மண்டயி என்றே ஒரு நிலையம் இருக்கிறது. படியேறி வெளியே வந்தால் எண்கோண வடிவில் கோபுரம் தாங்கிய கருங்கற் கட்டடம் எதிரே நிற்கும். 1886ஆம் ஆண்டு இது திறக்கப்பெற்றபோது பம்பாய் மாகாண கவர்னர் ரே பிரபுவின் பெயரால் ரே மார்க்கெட் எனப்பட்டது. இன்று மகாத்மா புலே மண்டயி. ஜோதிராவ் புலே 1876 முதற் சில ஆண்டுகள் இந்நகராட்சியின் உறுப்பினராக இருந்தவர். சந்தைக் கட்டடத்துக்கு இத்துணைப் பெரும்பொருள் வேண்டா, அதனைக் கல்விக்குச் செலவிடலாம் என்று வாதாடியவர்களுள் அவரும் ஒருவர் என்பர். அவர் வேண்டா என்ற கட்டடத்துக்கே, ஆசார்ய அத்ரே நகராட்சியில் இருந்த காலத்தில், அவர் பெயர் சூட்டப்பெற்றது! ஆயினும் பெயர் பொருந்தாமற் போகவில்லை. புலேயின் முன்னோர் தோட்டக்காரர் குலத்தினர். பேஷ்வாக்களுக்குப் பூ அளித்தமையால் 'புலே' என்ற குடிப்பெயர் பெற்றவர். கீரையும் பூவும் விற்கும் இடத்துக்கு வேறு யார் பெயரை இடுவது?

மொத்த வாணிகம் இந்நாளிற் குல்டேக்டியில் உள்ள மார்க்கெட் யார்டில் நடைபெறுகிறது. சில்லறைக்கு மண்டயியே சிறந்தது என்பது நம் கருத்து. மேடைமேல் அமர்ந்திருக்கும் விற்பனையாளர் பலர் பெண்கள். அவர்களை 'மாவ்ஷி' என்று அழைத்தால் முகம் மலரும். சிற்றன்னை என்பது பொருள். 'மேடம்' என்றால் விலை ஏறும். இது நம் அனுபவம். பிறர் அனுபவம் வேறாக இருக்கலாம்.

புனே நகரின் நற்பேறு யாதெனின், அதனைச் சுற்றியுள்ள வட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு காய்க்குப் பெயர் பெற்றவை. தக்காளியென்றால் ஜுன்னர் வட்டத்து நாராயண்காவ். பச்சைப் பட்டாணியென்றால் புரந்தர் வட்டம். இங்கு அதனை 'மட்டார்' என்பர். தை மாதத்தில் அந்தப் பட்டாணி சந்தையிற் குவியலாகக் கிடக்கும். ஒரு காயைப் பிளந்து வாயிலிட்டால் கரும்புச்சாற்றின் இனிமை தெரியும். குடமிளகாயை 'டோப்ளி மிர்ச்சி' என்கின்றனர். தடித்த மிளகாய் என்று பொருள். நம் முன்னோர் 'சீமைக் காய்' என்று ஒதுக்கிய பீன்ஸும் காரட்டும் இவ்வூரின் மிதமான குளிரில் நன்கு விளைகின்றன. இவற்றில் வகைக்குப் பாவ் கிலோ வாங்கினோம். கீரைப் பக்கம் திரும்பினால் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, வெங்காயத்தாள், புதினா, இவற்றோடு 'ஷேபு' என்னும் ஒரு கீரை. சோம்பிலை போல் நூல் நூலாக இருக்கும் இது நம் நாட்டு மருத்துவத்தில் வரும் சதகுப்பையே. நம் ஊரில் விதையை மருந்துக் கடையில் வாங்குகிறோம். மராத்தியர் இலையைப் பாசிப்பருப்போடு சேர்த்து வாரந்தோறும் உண்கின்றனர்.

மண்டயிக்கு அடுத்த தெருவே துளசிபாக். பெயரிலேயே துளசித் தோட்டம் இருக்கிறது. பேஷ்வாக்கள் காலத்தில் தோட்டமாக இருந்த நிலத்தில் இராமர் கோயில் எழுந்தது. கோயிலைச் சுற்றிக் கடைகள் எழுந்தன. இன்று அங்கு வளையல் முதல் வாணலி வரை கிடையாத பொருள் இல்லை. நமக்கு வேண்டியிருந்தது ஒரு பெரிய வடிதட்டு. பாத்திரக்காரர் அதனை எடுத்துத் தந்து, கூடவே பித்தளைச் 'சோர்யா' ஒன்றையும் காட்டினார். நம் சேவை நாழியேதான். அச்சுத் தட்டுகள்கூட அப்படியே! விலை கூடுதலாக இருந்தமையால் கண்ணாற் கண்டு களித்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்தச் சோர்யாவைக் கண்டதும் நம் சிந்தை வேறு திசையிற் சென்றது. மாவைப் பிசைந்து, நூலாகவோ துண்டாகவோ ஆக்கி, நீரில் வேகவைத்து உண்பது இத்தாலியர்க்கு மட்டும் உரிய கலையா? மராத்தியர் வீடுகளைப் பாருங்கள். வெயிற்காலம் வந்தால் மாடியிற் பாய் விரித்து, அப்பளத்தோடு 'ஷேவயா' என்னும் சேமியாவும், ஊறவைத்து அரைத்த கோதுமைப் பாலைக் காய்ச்சிப் பிழியும் 'குர்டயி'யும் உலர்த்துகின்றனர். 'வரண்பள்' என்று ஒரு பண்டம் உண்டு. கோதுமை மாவைத் தேய்த்து, சாய்சதுரமாக வெட்டி, புளியும் வெல்லமும் சேர்ந்த பருப்புக் குழம்பிற் போட்டு வேகவைப்பது. 'சகோல்யா' என்றும் அதற்குப் பெயர். இத்தாலியர் ஒருவரிடம் காட்டினால் இதனைப் பாஸ்தா என்றே சொல்வார். இவற்றினும் வியப்பானது 'கவ்ஹலே'. ரவையும் மாவும் பாலிற் பிசைந்து, விரல்களுக்கிடையே உருட்டி, அரிசி மணி அளவிற் கிள்ளிப் போடுவர். திருமண வீட்டில் சுமங்கலிகள் கூடி அமர்ந்து இதனைச் செய்வது ஒரு சடங்கு. நகக்கண்ணால் அழுத்திச் செய்வது 'நக்குலே'. பொறுமையின் எல்லை! அரிசி வடிவினதும் ஓடு வடிவினதும் ஆகிய பாஸ்தாக்கள் கண்ணாடிப் பெட்டியில் அயல்நாட்டு விலைக்கு விற்கும் இந்நாளில், அண்டை வீட்டு ஆஜி தம் நகத்தால் அதனையே செய்துகொண்டிருக்கிறார். நம் இடியாப்பமும் சேவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. நாம் அரிசியிற் செய்தோம், அவர்கள் கோதுமையிற் செய்தார்கள்.

நிற்க. கோதுமையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமற் பாஸ்தாவைச் சொல்வது அரிசியைச் சொல்லாமல் இட்டிலியைச் சொல்வது போலாம். சப்பாத்திக்கு ஆகும் கோதுமை வேறு. பாஸ்தாவுக்கு ஆகும் கோதுமை வேறு. பின்னதற்கு தூரம் கோதுமை என்று பெயர். இலத்தீன் மொழியில் 'தூரம்' என்றால் கடினம். மணி கடினமாகவும் உட்புறம் மஞ்சள் நிறமாகவும் இருக்கும். அரைத்தால் எளிதில் மாவாகாமல் ரவையாகவே உதிரும். அந்த ரவையை நீர்விட்டுப் பிசைந்து அச்சிலிட்டுப் பிழிந்து உலர்த்தினாற் பாஸ்தா, வேறொன்றும் இல்லை. கொதிநீரில் வெந்தாலும் குழையாமல் நிற்பது இக்கோதுமையின் புரதத்தால். இத்தாலி நாட்டில் உலர்ந்த பாஸ்தாவைத் தூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967ஆம் ஆண்டு சட்டமே இயற்றினார்கள். மைதாவிற் செய்ததை வாங்கி, அது கூழாகிப் போகக் கண்டு, 'பாஸ்தாவே இப்படித்தான்' என்று முடிவு கட்டியவர் நம்மிற் பலர். உறையின்மேல் தூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

இந்தத் தூரம் கோதுமை புனேக்குப் புதியதன்று. 'பன்சி' என்னும் பெயரால் தக்காணத்து வறண்ட நிலங்களில் நெடுங்காலமாக விளைவது அதுவே. பன்சி ரவை மளிகைக் கடையிற் கிடைக்கிறது. லா காலேஜ் சாலைப் பக்கம் போனால் அகர்கர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாவரவியல் அறிஞர் சங்கர் புருஷோத்தம் அகர்கர் முன்னின்று 1946ஆம் ஆண்டு தொடங்கிய மகாராஷ்டிர விஞ்ஞான வளர்ச்சிக் கழகமே, 1992 முதல் அவர் பெயரைத் தாங்கி நடைபெறுகிறது. அது நிற்கும் சாலையோ கோபால் கணேஷ் ஆகர்கர் என்னும் சீர்திருத்தச் செம்மலின் பெயரைத் தாங்கியது. இருவரும் வேறு வேறு மனிதர். வழி கேட்போர் குழம்பற்க. இந்நிலையத்தார் கோதுமை ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர். எம்.ஏ.சி.எஸ். 4028 என்னும் தூரம் வகை இவர்கள் கண்டது. மழையை நம்பிய மகாராஷ்டிர, கருநாடக நிலங்களுக்கென்றே வெளியிடப்பெற்ற அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு புரதம் உண்டு. எம்.ஏ.சி.எஸ். 2971 என்பது மற்றொன்று. அது 'கப்ளி' இனத்தது. கப்ளி என்று இவர்கள் சொல்வது எது தெரியுமா? நம் பாட்டிமார் நோயாளிக்குக் கஞ்சி வைத்த சம்பா கோதுமையேதான்! பாஸ்தாவின் மூலப்பொருளுக்கு இத்தனை நெருக்கத்தில் நாம் வாழ்கிறோம்.

பச்சிலைகளின் செய்தி இதனினும் சுவையானது. இத்தாலியச் சமையலுக்கு இன்றியமையாத தழை 'பேசில்'. பெருங்கடைகளில் சிறு கண்ணாடித் தாள் பெட்டியில் பத்து இலையை வைத்து விற்கின்றனர். அதனைக் கையிலெடுத்து முகர்ந்த திருநெல்வேலி அம்மையார் ஒருவர், "இது திருநீற்றுப்பச்சை அல்லவா!" என்று வியந்ததை நாம் அறிவோம். அவர் சொன்னது முற்றும் உண்மை. தாவர நூலார் இரண்டுக்கும் இட்ட பெயர் ஒன்றே. கதம்பத்தில் வைத்துக் கட்டுவதும், வீட்டு முற்றத்தில் வளர்ப்பதும், விதையைச் சப்ஜா என்று கோடையில் நீரில் ஊறவைத்துக் குடிப்பதும் இச்செடியே. இத்தாலி வகைக்கு இனிப்பு மணம் சிறிது மிகுதி. நம் வகைக்குக் காரம் மிகுதி. அவ்வளவே வேற்றுமை. துளசி இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அது பூசைக்குரியது ஆதலின் வாணலிக்குள் நாம் அதனைக் கொண்டுவரவில்லை.

மற்றொரு தழை 'ஆரிகேனோ'. சிறு பொட்டலங்களில் உலர்ந்த தூளாக வருமே, அதுதான். அதற்கு ஈடாகச் சாளரத்துத் தொட்டியில் நிற்கும் கற்பூரவல்லி போதும். இரண்டும் வேறு வேறு செடிகளாயினும் இரண்டின் மணத்துக்கும் காரணமான எண்ணெய்ப் பொருள்கள் ஒன்றே. ஓமத்தின் மணமும் அவ்வகையினதே. மேலை நாட்டார் சிலர் கற்பூரவல்லியையே கியூபா ஆரிகேனோ என்று அழைக்கின்றனர். குழந்தையின் சளிக்குச் சாறு பிழிந்த இலையைப் பாஸ்தாவிற் கிள்ளிப் போடுவதா என்று தயங்க வேண்டா. இரண்டு இலை போதும். மூன்றாவது இலை கஷாயமாக்கிவிடும்.

இனிச் சமையல். ராஸ்தா பேட்டையில் நமக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பம். பேஷ்வாக் காலத்து ராஸ்தே குடும்பத்தாரின் பெயரால் அமைந்த அப்பேட்டை, நெடுங்காலமாகவே தென்னாட்டார் மிகுதியாக வாழும் இடம். காப்பிப்பொடி மணத்தைக் கொண்டே வழி கண்டுபிடிக்கலாம். நெல்லைச் சீமைச் சைவக் குடும்பம். ஆச்சிக்கு வயது எண்பதை நெருங்குகிறது. மருமகள் ஹிஞ்சவடிக்கு நாள்தோறும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் சென்று வருபவர். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. நாம் பையோடு சென்ற அன்று கிருத்திகை. அன்று இரவு ஆச்சி சோறு உண்பதில்லை, பலகாரம்தான். வெங்காயமும் பூண்டும் விலக்கு. பேத்தியோ மூன்று நாளாகப் பாஸ்தா வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரட்டைச் சமையலுக்கு எல்லாப் பொருத்தமும் கூடிய நாள்!

ஆச்சி பொட்டலத்தைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"இது என்னட்டி, ரப்பர் குழாய் மாதிரி?"

"ரப்பர் இல்லை ஆச்சி. ரவை. கோதுமை ரவை."

"ரவைன்னா உப்புமா கிண்டலாமே. இதை எதுக்குக் குழாய் ஆக்குதான்?"

"இடியாப்பத்தை நீங்க எதுக்கு நூல் ஆக்குதீங்க?"

ஆச்சி விடை சொல்லவில்லை. ஆனால் அடுக்களை வாசலில் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார். மருமகள் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். "அத்தை, முட்டை கிடையாது, பச்சைப் புள்ளி இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று உறையையும் காட்டினார். இது வேண்டிய எச்சரிக்கையே. உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் ரவையும் நீரும்தான். ஆயினும் முட்டை சேர்த்துச் செய்யும் வகைகளும் உண்டு. பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குவதில் தவறில்லை.

நால்வருக்கு 300 கிராம் பாஸ்தா. அதற்கு மூன்று லிட்டர் நீர். முதல் வேலை நீரை அடுப்பில் ஏற்றுவது. காய் நறுக்குவதற்கு முன்பே ஏற்ற வேண்டும். நேரம் மிகுதியும் செல்வது நீர் கொதிப்பதற்குத்தான். கொதி வந்தபின் இரண்டு மேசைக்கரண்டி உப்பு. மிகுதி என்று அஞ்சற்க. பெரும்பங்கு நீரோடு போய்விடும். நீர் குறைவாக இருந்தாற் பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் விட வேண்டா. போட்டவுடன் இரண்டு முறை கிளறிவிட்டாற் போதும். புனே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 560 மீட்டர் மேலே இருக்கிறது. ஆதலின் இங்கு நீர் 98 பாகை அளவிலேயே கொதித்துவிடும். சென்னையில் வேகும் நேரத்தைவிட ஒரு நிமிஷமேனும் கூட வைக்க வேண்டும். இங்குப் பருப்பு வேக நேரமாகிறது என்று நம் பெண்கள் குறை சொல்வதன் காரணமும் இதுவே, கடைக்காரர்மேற் பழியில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் வெண்ணிறப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு நிமிஷம். புள்ளி மறையும் தறுவாயில் இறக்கிவிடுக. வாணலியில் மேலும் வேகப்போகிறது.

வடிப்பதற்கு முன் ஒரு செம்பு நீரை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதை இத்தாலிய நூல்கள் பெரிய இரகசியம் போலச் சொல்கின்றன. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமற் காத்த நம் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? வடிகஞ்சியின் குழகுழப்புத்தான் காயையும் பாஸ்தாவையும் ஒட்டவைக்கிறது. வடித்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசும் பழக்கம் சிலரிடம் உண்டு. சேமியாவுக்கு அது பொருந்தலாம், இதற்கு ஆகாது. அலசினால் அந்தக் குழகுழப்புப் போய்விடும்.

நீர் கொதிக்கும் நேரத்திலேயே காய் நறுக்கியாயிற்று. பீன்ஸும் காரட்டும் தீக்குச்சி அளவில். குடமிளகாய் சற்றுப் பெரிதாக. பாஸ்தா வேகும்போது மற்றோர் அடுப்பில் வாணலி. இரண்டு மேசைக்கரண்டி கடலையெண்ணெய், பொடியாக நறுக்கிய இஞ்சி, இடித்த மிளகு, கற்பூரவல்லி இலை இரண்டு. மணம் எழுந்ததும் பீன்ஸ், காரட், பட்டாணி; சிட்டிகை உப்பு; தீ பெரிதாகவே இருக்கட்டும். மூன்று நிமிஷம் சென்று குடமிளகாய். பிறகு நான்கு தக்காளியைத் துருவிச் சேர்க்க வேண்டும். தோல் கையிலேயே தங்கிவிடும். பச்சை வாடை போனதும் பாஸ்தாவைப் போட்டு, கஞ்சி ஒரு கரண்டி விட்டுப் பிரட்டினால் எல்லாம் ஒன்றாகும். வெங்காயமும் பூண்டும் உண்ணும் நாளில் இஞ்சிக்கு முன் அவற்றை வதக்கிக்கொள்ளலாம். அவை இல்லாமையால் அன்று குறை ஒன்றும் தோன்றவில்லை; தை மாதத்துப் பட்டாணி எல்லாக் குறையையும் நிறைத்துவிட்டது.

பாலாடைக்கட்டி துருவிப் போடுவது வழக்கம். இதில் ஒரு செய்தி நம்மவர் அறிய வேண்டும். இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ பாலாடைக்கட்டியை, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது அவர்கள் விதி. சைவ உணவினர்க்கு அது ஆகாது. நம் நாட்டிற் செய்து பச்சைப் புள்ளியோடு வருவன நுண்ணுயிர்களிலிருந்து பெற்ற உறைபொருளால் ஆனவை, அவற்றைக் கொள்ளலாம். அன்று மருமகள் அதனையும் நாடவில்லை. மராத்தியர் அடுக்களையில் என்றும் இருக்கும் 'தாண்யாசா கூட்', அதாவது வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, ஒரு டப்பாவில் இருந்தது. மூன்று கரண்டி எடுத்துத் தூவினார். இவ்வூருக்கு வந்தபின் அண்டை வீட்டாரிடம் கற்ற பழக்கம். கடலைப்பொடி கஞ்சியோடு சேர்ந்து நெய்ப்பாகி, ஒவ்வொரு குழாயின் உள்ளும் புறமும் ஒட்டிக்கொண்டது. பாலாடைக்கட்டியினும் இதுவே நமக்குப் பிடித்தது.

அடுப்பை அணைத்த பின்பே பச்சிலை. திருநீற்றுப்பச்சை இருபது இலை, கைப்பிடிக் கொத்தமல்லி, இரண்டையும் கத்தி படாமற் கையாலேயே கிள்ளிப் போட்டாள் பேத்தி. அம்மணம் காற்றிற் பறந்துபோகும் தன்மையது. தீயில் வைத்து வதக்கினால் தெருவுக்குத்தான் மணக்கும், தட்டுக்கு அன்று. எலுமிச்சை அரை மூடி பிழிந்ததும் வேலை முடிந்தது. நீர் ஏற்றியதிலிருந்து இருபத்தெட்டு நிமிஷம். ஷேபு போட விரும்புவோர் அதை மட்டும் தனியே போடுக. மற்றத் தழைகளோடு அது இணங்கிப் போவதில்லை.

"திருநீற்றுப்பச்சை மணமா வருது?" என்று ஆச்சி கேட்டார். பேத்தி ஓர் இலையை அவர் கையில் வைத்தாள். அவர் அதை முகர்ந்தார். பிறகு தம் ஊர்க் கோயிலையும், அங்கு மாலை கட்டியவரையும், தாம் பாவாடை கட்டிய நாளில் தோட்டத்திலிருந்து கொண்டுபோய்க் கொடுத்ததையும் சொல்லத் தொடங்கினார். பேத்தி இடையிடையே கேள்வி கேட்டாள். சில சொற்களுக்குப் பொருள் கேட்டாள். தட்டுகள் நான்கும் ஒரே பாயில் வைக்கப்பெற்றன. ஆச்சி முதலில் இரண்டே கரண்டிதான் போட்டுக்கொண்டார். "தக்காளி கூடிப்போச்சு" என்றார். பின்பு, தம் மாமியார் தக்காளியையே வீட்டுக்குள் விடமாட்டார் என்றும், சீமைப் பழம் என்று திட்டுவார் என்றும், தாம்தான் ஒளித்து வாங்கி ரசத்திற் போட்டதாகவும் கூறினார். திவசச் சமையலில் இன்றும் தக்காளி, பீன்ஸ், குடமிளகாய் முதலியவற்றைப் பலர் விலக்குகிறோமே, அந்தப் பழைய அயன்மையின் சுவடுதான் அது. இத்தாலியர்க்கும் தக்காளி அயலதே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில்தான். மருமகள் இதைக் கேட்டு, "அப்போ நீங்க தக்காளி கொண்டுவந்தீங்க, நான் பாஸ்தா கொண்டுவந்தேன் அத்தை" என்றார். ஆச்சி மூன்றாவது கரண்டிக்குத் தட்டை நீட்டினார். சம்பா ரவை உப்புமாவுக்கு அன்று வேலை இல்லாமற் போயிற்று.

எஞ்சியதை மறுநாள் காலையில் எண்ணெயில் வாட்டிக் கொடுக்கலாம். பள்ளிக்கூட டப்பாவுக்கும் ஏற்றது. இரண்டாம் நாளுக்கு மேல் வைக்க வேண்டா.

திருநீற்றுப்பச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடித் தாள் பெட்டி வேண்டியதில்லை. மண்டயியைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளில் 'சப்ஜா' என்று கேட்டால் கருநிற விதை கிடைக்கும். வெயில் படும் சாளரத்தில் ஒரு தொட்டி; அதில் தளர்ந்த மண்; விதையை மேலாகத் தூவி மெல்லிய மண் மூடி, கைந்நீர் தெளித்து வருக. ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். தை மாதக் குளிரில் சற்றுச் சுணங்கும். மாசி பிறந்தபின் விதைப்பது நன்று. பூங்கதிர் தோன்றியவுடன் நுனியைக் கிள்ளிவிட்டால் இலை பெருகும். ஒரு கதிரை மட்டும் விட்டுவைக்கலாம், அடுத்த ஆண்டு விதைக்கு.